கைதோடு நின்றுவிடும் கதை: அமெரிக்க போலீஸ் ரியாலிட்டி நிகழ்ச்சிகள் எப்படி உருவாகின்றன?

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு, அம்மா என் கைப்பேசியை வாங்கி ஏதோ காணொளி பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஒரு நெடுஞ்சாலை. போலீஸ்காரர் ஒரு காரை ஓரங்கட்டச் சொல்கிறார். ஓட்டிவந்த பையன் என்னவோ சொல்லி மழுப்புகிறான். இறங்கச் சொல்கிறார்கள், வண்டியைச் சோதிக்கிறார்கள், இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் வருகிறது. கையில் விலங்கு. ரோந்து வண்டியின் பின்கதவு சாத்தப்படுகிறது. அவ்வளவுதான். அடுத்த காணொளி தானாக ஓட ஆரம்பித்தது. அம்மா அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன்டா, அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

எனக்குத் தெரியவில்லை. காணொளியிலும் அது இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. போலீஸ்காரர் தந்த விளக்கம் எதுவும் காதில் ஏறாததால், படத்தில் எது இல்லை என்பது அவளுக்கு முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. இந்த வகைக் காட்சிகளை வருஷக்கணக்காகப் பார்த்து வந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்ததில் எழுதியது இது. இந்த நிகழ்ச்சிகளைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவர்களை மனதில் வைத்து, அடியிலிருந்து சொல்கிறேன்.

ரியாலிட்டி ஷோ என்றால் நம் வீடுகளில் பாட்டுப் போட்டியும் சமையல் போட்டியும்தான் நினைவுக்கு வரும். குற்றத்தையும் போலீஸையும் வைத்து எடுக்கப்படும் ரியாலிட்டி நிகழ்ச்சி அதைவிடப் பழையது. அதில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு.

முதல் கிளை, துப்புத் துலங்காத வழக்கை மக்கள் முன் வைத்து உதவி கேட்பது. மேற்கு ஜெர்மனியில் 1967 அக்டோபரில் எடுவார்ட் சிம்மர்மன் என்பவர் தொடங்கிய நிகழ்ச்சிதான் இதற்கு முன்னோடி. குற்றம் எப்படி நடந்திருக்கும் என்று நடிகர்களை வைத்துக் காட்டுவார்கள்; விவரம் தெரிந்தவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்து பிபிசி 1984-ல் 'கிரைம்வாட்ச்' தொடங்கியது. அமெரிக்காவில் 1988 பிப்ரவரியில் 'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்' வந்தது. அதன் தொகுப்பாளர் ஜான் வால்ஷின் ஆறு வயது மகன் 1981-ல் ஃபுளோரிடாவில் கடத்திக் கொல்லப்பட்டவன். முதல் நிகழ்ச்சியில் காட்டப்பட்ட தப்பியோடிய கைதி நான்கே நாளில் பிடிபட்டான். பிறகு வந்த ஆண்டுகளில் அப்படிப் பிடிபட்டவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். இந்தக் கிளைக்கும் குறைகள் உண்டு. ஆனாலும் அதன் பயனை நான் மறுக்கமாட்டேன். வழக்கு முடியவில்லை என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. பார்ப்பவர் கூப்பிட வேண்டும் என்பதுதானே அதன் நோக்கம்.

இரண்டாவது கிளைதான் அம்மா பார்த்த காணொளியின் மூதாதை: ரோந்து வண்டியில் கேமராவும் கூடவே ஏறிப்போவது. நான் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம்

1988 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஃபாக்ஸ் அப்போது புதிய தொலைக்காட்சி. தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கதை எழுத ஆளில்லை, பெரிய நடிகர்களுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. ஜான் லாங்லியும் மால்கம் பார்பரும் பல வருஷமாகக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிய யோசனைக்கு அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. வசனம் கிடையாது, நடிகர் கிடையாது, பின்னணியில் கதை சொல்லும் குரலும் கிடையாது. போலீஸ்காரர்களோடு போவது, நடப்பதை எடுப்பது, அவ்வளவே. 'காப்ஸ்' என்ற அந்தத் தொடர் 1989 மார்ச் 11-ல் தொடங்கியது. முதலில் படமெடுத்த இடம் ஃபுளோரிடாவின் பிரோவர்டு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் அலுவலகம், அதாவது அந்தக் கவுண்டியின் போலீஸ். செலவு குறைவு, பார்வையாளர்கள் அதிகம். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஓடியது.

ஒரு எபிசோட் அரை மணி நேரம். விளம்பரம் போக 22 நிமிடம். அதற்குள் மூன்று சம்பவங்கள். முதலாவது துரத்தல், ஓட்டம் என்று விறுவிறுப்பாக இருக்கும். இரண்டாவது மனதைத் தொடுவதாக, சில நேரம் சிரிப்பூட்டுவதாக. மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வைப்பதாக. ஆக ஒரு மனிதரின் வாழ்க்கையில் மிக மோசமான ஒரு இரவுக்கு இங்கே கிடைப்பது சுமார் ஏழு நிமிடம்.

கதை சொல்லும் குரல் இல்லை என்றேன். ஆனால் கவனித்துப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே "இப்போது இந்தத் தெருவுக்குப் போகிறோம், இங்கே போதைப்பொருள் விற்பனை அதிகம்" என்று போலீஸ்காரர் சொல்கிறார். கைது முடிந்ததும் வண்டியின் பக்கத்தில் நின்று "இவர் பொய் சொல்லிப் பார்த்தார், சோதித்ததும் உண்மை வெளிவந்தது" என்று சுருக்கிச் சொல்பவரும் அவர்தான். கதையைத் தொடங்கி வைப்பதும் முடித்து வைப்பதும் கதையில் வரும் ஒரு தரப்பு. எதிர்த்தரப்பில் இருப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் சட்டைகூட இல்லாமல், தரையில் குப்புறக் கிடக்கிறார். அவர் சொல்வது கதையாகப் பதிவாவதில்லை, சாக்காகப் பதிவாகிறது.

கேமரா எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இது வெறும் அழகியல் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். டேனியல் லாசிடர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலிருந்து பல ஆண்டுகள் ஒரே கேள்வியை விடாமல் சோதித்தார். ஒரு போலீஸ் விசாரணையை வெவ்வேறு கோணங்களில் படமெடுத்துக் காட்டினார். ஒன்றில் கேமரா சந்தேக நபரை மட்டும் பார்க்கும். இன்னொன்றில் விசாரிப்பவரைப் பார்க்கும். மற்றொன்றில் இருவரும் சமமாகத் தெரிவார்கள். பேச்சு ஒன்றுதான், கோணம் மட்டும் வேறு. சந்தேக நபரை மட்டும் பார்த்தவர்கள், அவர் ஒப்புக்கொண்டது தன்னிச்சையாகத்தான், யாரும் மிரட்டவில்லை என்று நம்புவது அதிகமாக இருந்தது. எந்த முகம் கண் முன்னால் இருக்கிறதோ அந்த முகத்துக்குரியவரே நடந்ததற்கெல்லாம் காரணம் என்று நம் மனம் முடிவுகட்டிவிடுகிறது. நியூசிலாந்து போலீஸ் இந்த ஆய்வைப் படித்து, விசாரணையைப் பதிவு செய்யும்போது இருவரையும் பக்கவாட்டில் சமமாகக் காட்டும் முறைக்கே மாறியது. ஒரு ஆய்வு ஒரு நாட்டின் விசாரணை அறையில் கேமரா ஸ்டாண்டை நகர்த்தி வைத்தது என்பது எனக்கு இன்றைக்கும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

இப்போது ரோந்து வண்டிக்கு வருவோம். கேமரா போலீஸ்காரரின் தோளுக்குப் பின்னால் ஓடுகிறது. அவர் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். அவருக்குப் பயம் வரும் இடத்தில் நமக்கும் பயம் வருகிறது. அவர் ஒரு வீட்டுக் கதவை உதைக்கும்போது, அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்த உதை எப்படிக் கேட்டிருக்கும் என்பது எந்த எபிசோடிலும் வராது.

கோணத்துக்கு அடுத்தது ஒப்பந்தம். ரோந்து வண்டியில் ஏற காவல்துறையின் அனுமதி வேண்டும். அடுத்த வாரமும் அனுமதி வேண்டும். படமெடுத்ததை ஒளிபரப்புக்கு முன் காவல்துறை பார்த்துவிடும். வேண்டாதது இருந்தால் சொல்லிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு சதி செய்ய வேண்டியதே இல்லை. தவறான வீட்டின் கதவைத் தட்டிய இரவு, சாதாரண வாக்குவாதத்தில் ஒரு போலீஸ்காரர் நிதானம் இழந்த இரவு, மூன்று மணி நேரம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த இரவு எல்லாம் தாமாகவே கத்தரிக்கப்பட்டுவிடும். பிடிபட்டவரின் முகத்தைக் காட்ட அவருடைய கையெழுத்து வேண்டும் என்பது 'காப்ஸ்' வைத்திருந்த விதி. கையெழுத்து இல்லையென்றால் முகத்தை மங்கலாக்குவார்கள். பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டார்கள். கையில் விலங்கு மாட்டிய நேரத்தை ஒட்டி, போதையிலோ அழுகையிலோ இருக்கும் ஒருவரிடம் காகிதத்தை நீட்டி வாங்கும் சம்மதம் எப்படிப்பட்ட சம்மதம் என்று எனக்கு உறுத்தல் உண்டு.

எண்ணிப் பார்த்தவர்கள்

மேரி பெத் ஆலிவர் என்ற ஆய்வாளர் 1994-ல் இந்த வகை நிகழ்ச்சிகள் ஐந்தை எடுத்துக்கொண்டு, காட்சி காட்சியாக எண்ணினார். திரையில் காட்டப்பட்ட குற்றங்களில் 60 சதவீதத்துக்கு மேல் கைதில் முடிந்தன. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அப்போதைய புள்ளிவிவரத்தில் அந்த விகிதம் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. வன்முறைக் குற்றங்கள் நிஜத்தைவிட மிக அதிகமாகக் காட்டப்பட்டன. திரையில் வெள்ளையர் பெரும்பாலும் போலீஸாக வந்தார்கள்; கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் பெரும்பாலும் குற்றவாளியாக வந்தார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து, 2019-ல், டான் டேபர்ஸ்கி என்ற ஒலி ஆவணத் தயாரிப்பாளரின் குழு 'காப்ஸ்' எபிசோடுகள் 846-ஐ உட்கார்ந்து பார்த்தது. நிஜ வாழ்க்கையோடு ஒப்பிட்டால் அந்தத் தொடரில் வன்முறைக் குற்றம் சுமார் நான்கு மடங்கு, போதைப்பொருள் குற்றம் மூன்று மடங்கு, பாலியல் தொழில் தொடர்பான கைதுகள் பத்து மடங்கு என்று கணக்குச் சொன்னது. 846 எபிசோடுகளைப் பார்க்கும் பொறுமைக்கே ஒரு வணக்கம்.

நிஜம் எப்படி? 2019-ல் அமெரிக்க போலீஸ், தங்களிடம் பதிவான வன்முறைக் குற்றங்களில் 45.5 சதவீதத்தையும், திருட்டு முதலான சொத்துக் குற்றங்களில் 17.2 சதவீதத்தையும் மட்டுமே முடித்துவைத்தது. வீட்டில் திருடு போனால், திருடன் பிடிபடுவது அங்கேயும் அதிர்ஷ்டம்தான். அதுமட்டுமல்ல, ரோந்துப் பணியில் வன்முறை என்பதே சின்னப் பங்கு. சில அமெரிக்க நகரங்களின் அழைப்புப் பதிவுகளை 2020-ல் பத்திரிகையாளர்கள் ஆராய்ந்தபோது, போலீஸுக்கு வந்த அழைப்புகளில் வன்முறைக் குற்றம் பற்றியவை நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. மிச்சமெல்லாம் போக்குவரத்து விபத்து, பக்கத்து வீட்டுச் சத்தம், தவறுதலாக அலறிய அலாரம், மனநிலை சரியில்லாத ஒருவர் தெருவில் நிற்கிறார் என்ற தகவல், புகார் எழுதி வாங்கல். எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் ஒரு நாள் உட்கார்ந்தால் தெரியும் வேலைதான். அதை எடுத்து ஒளிபரப்பினால் யார் பார்ப்பார்கள்?

இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பதால் மனதில் என்ன படிகிறது என்பதற்கு ஜார்ஜ் கெர்ப்னர் என்ற தகவல்தொடர்பு அறிஞர் ஒரு கருத்தை வைத்தார். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்ததும் யாரும் மாறிவிடுவதில்லை. வருஷக்கணக்கில் பார்க்கும்போது, உலகம் உள்ளதைவிடக் கொடியது, எந்த மூலையிலும் ஆபத்து இருக்கிறது என்ற எண்ணம் மெல்ல ஊறிவிடுகிறது என்றார். அமெரிக்காவில் 1993 முதல் 2022 வரை வன்முறைக் குற்ற விகிதம் எஃப்பிஐ கணக்கில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் காலப் நிறுவனம் எடுத்த 27 கருத்துக்கணிப்புகளில் 23-ல், குறைந்தது 60 சதவீதம் பேர் நாட்டில் குற்றம் போன வருஷத்தைவிடக் கூடிவிட்டது என்றே சொன்னார்கள். இதற்கு இந்த ஒரு வகை நிகழ்ச்சிதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. உள்ளூர்ச் செய்திகள், தேர்தல் மேடைகள், இப்போது கைப்பேசி என்று எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் "இது நாடகம் அல்ல, நிஜம்" என்று முத்திரை குத்திக்கொண்டு வருவது இதுதான். நாடகத்தைப் பார்க்கும்போது நாம் வைத்துக்கொள்ளும் அந்தச் சிறு தூரம் இங்கே கிடையாது.

"வண்டியைச் சோதித்துப் பார்க்கலாமா?"

இந்த நிகழ்ச்சிகளில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி இது. போலீஸ்காரர் இயல்பாகக் கேட்பார், ஓட்டுநர் தோளைக் குலுக்கிச் சரி என்பார், அடுத்த நொடி கதவுகள் திறக்கும். பார்க்கும் நமக்கு அது ஒரு மரியாதைக்குக் கேட்பதுபோல் இருக்கும். அது உண்மையிலேயே ஒரு கேள்வி. அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம், தகுந்த காரணமில்லாத சோதனையிலிருந்து மக்களைக் காக்கிறது. போலீஸிடம் போதுமான காரணம் இருந்தால் சம்மதம் கேட்கவே தேவையில்லை. காரணம் இல்லாதபோதும் காரைச் சோதிக்க உதவும் வழி இந்தச் சம்மதம். முடியாது என்று சொல்ல அந்த ஓட்டுநருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை இருப்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் போலீஸுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1973-ல் தீர்ப்பளித்தது.

இந்தச் சின்ன விவரம் தெரிந்த பிறகு ஒரு எபிசோடைத் திரும்பப் பாருங்கள், படமே மாறிவிடும். சரி என்று சொன்னவர் எதையும் ஒளிக்காதவர், முடியாது என்று சொன்னவர் கள்ளன் என்றுதான் இதுவரை பார்த்திருப்போம். சட்டத்தைத் தெரிந்துவைத்திருந்து மறுப்பவரைத் தந்திரக்காரராகப் பார்க்க நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு ஜனநாயக நாட்டில் இதைவிடப் பெரிய கேடு வேறென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

'காப்ஸ்' தொடரின் ஆரம்பத்தில், நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படும்வரை எல்லோரும் நிரபராதிகளே என்று ஒரு வாசகம் வரும். அதோடு வரும் பாட்டு, கெட்ட பையன்களே, உங்களைத் தேடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். எது மனதில் நிற்கும்? சட்டப்படி, கைது என்பது வழக்கின் முதல் படி. அதன் பிறகு பிணை, குற்றச்சாட்டு, வழக்கறிஞர், பேரம் என்று நீண்டுபோகும். அமெரிக்காவில் தண்டனை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், விசாரணையே நடக்காமல், அரசுத் தரப்போடு பேசி ஒப்புக்கொண்டு தண்டனை பெறுகிறார்கள். கைதானவர்களில் பலர் மீது வழக்கே நிற்பதில்லை. இதில் எதையும் துரத்திக்கொண்டு ஓடிப் படமெடுக்க முடியாது.

இதற்கு 2006-ல் டெக்சஸ் மாநிலத்தில் மர்பி என்ற சிற்றூரில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு கிடைத்தது. இணையத்தில் சிறுவர்களைத் தேடி வரும் ஆண்களைப் பொறிவைத்துப் பிடிக்கும் என்பிசி நிகழ்ச்சி 'டு கேட்ச் எ பிரிடேட்டர்' அங்கே படமெடுத்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கேமரா முன் கைதானார்கள். நாடே பார்த்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் அந்த வழக்குகளை நடத்த மறுத்துவிட்டார். நீதிமன்றத்தில் நிற்கும்படி சாட்சியம் சேர்க்கப்படவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. குழந்தைகளுக்குத் தீங்கு நினைப்பவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதனால்தான் இந்தச் சம்பவம் எனக்கு ஆத்திரம் தருகிறது. திரையில் நீதி கிடைத்ததுபோல் இருந்தது, நீதிமன்றத்தில் ஒன்றுமே இல்லை. பொறியில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட இன்னொருவரைப் பிடிக்க போலீஸ் வீட்டுக்குள் நுழைந்தது. தெருவில் கேமராக்கள் காத்திருந்தன. அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினர் தொடுத்த வழக்கை அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் 2008-ல் சமரசத்தில் முடித்துக்கொண்டது.

கேமராவும் கூடவே உள்ளே வந்தால்

1992 ஏப்ரலில் ஒரு காலை, ஏழு மணிகூட ஆகவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் நகரில் ஒரு வீட்டுக்குள் மத்திய அரசின் காவலர்களான மார்ஷல்களும் உள்ளூர் போலீஸும் நுழைந்தார்கள். தேடி வந்தது அந்த வீட்டு மகனை. அவர் அங்கே இல்லை. உள்ளாடையோடு எழுந்து வந்த அப்பாவைத் தரையில் அழுத்தினார்கள். இரவு உடையில் அம்மா வந்து நின்றார். போலீஸோடு வந்திருந்த ஒரு பத்திரிகை நிருபரும் புகைப்படக்காரரும் இதையெல்லாம் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். படங்கள் வெளியாகவில்லை. ஆனாலும் அந்தப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாரண்டை நிறைவேற்ற வீட்டுக்குள் போகும் போலீஸ், அந்த வேலைக்கு உதவாத ஊடகக்காரர்களை உடன் அழைத்துப் போவது நான்காவது திருத்தத்தை மீறுவது என்று ஒருமனதாகச் சொன்னது. வாரண்ட் போலீஸுக்கு, பார்வையாளர்களுக்கு அல்ல. ஆனால் அந்தப் போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை இல்லை. நுழைந்த காலத்தில் சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை என்று அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது அதே தீர்ப்பு.

தெரு, நெடுஞ்சாலை, வாசல் எல்லாம் அதற்குப் பிறகும் திறந்தே இருந்தன.

2010 மே மாதம் டெட்ராய்ட். கொலை வழக்கு ஒன்றில் தேடப்பட்ட ஒருவரைப் பிடிக்க நள்ளிரவு தாண்டி சிறப்புப் படை ஒரு வீட்டைச் சூழ்ந்தது. கொலை விசாரணைகளைப் பின்தொடரும் 'த ஃபர்ஸ்ட் 48' என்ற தொடரின் குழு உடன் இருந்தது. ஜன்னல் வழியாக, கண்ணையும் காதையும் திகைக்கவைக்கும் வெடி ஒன்றை வீசி உள்ளே நுழைந்தார்கள். ஒரு அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்தது. சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். தேடி வந்தவர் அதே கட்டடத்தின் மாடி வீட்டில் இருந்தார். கேமரா இல்லாமலிருந்தால் இப்படி நடந்திருக்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் வெடியும் நள்ளிரவு அதிரடியும் யாருக்காக என்ற கேள்வியை அந்த ஊர் விடவில்லை. சுட்ட அதிகாரியின் வழக்கு இருமுறை விசாரணைக்கு வந்தும் தீர்ப்பு எட்டப்படாமல், 2015 ஜனவரியில் கைவிடப்பட்டது. ரியாலிட்டிக் குழுக்கள் போலீஸோடு போவதை மேயர் தடைசெய்தார். சம்பவம் நடந்த 2010-லேயே, ஜூலையில், நகரத்தின் போலீஸ் தலைவர் பதவி விலகினார். தன்னையே நாயகனாக வைத்து எடுக்கவிருந்த ஒரு தொடருக்கு அவர் நடித்த முன்னோட்டப் படமும் அதற்கு ஒரு காரணம்.

2014-ல் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில், ஒரு உணவகத்தில் நடந்த கொள்ளையைப் 'காப்ஸ்' குழு படமெடுத்தபோது, அந்தக் குழுவின் ஒலிப்பதிவாளரே போலீஸ் குண்டுக்கு இரையானார். கொள்ளையடிக்க வந்தவரிடம் இருந்தது விளையாட்டுத் துப்பாக்கி.

இதற்கிடையே 2016-ல் 'லைவ் பிடி' வந்திருந்தது. வெள்ளி, சனி இரவுகளில் மூன்று மணி நேரம், பல ஊர்களின் ரோந்து வண்டிகளிலிருந்து நேரலை என்ற பெயரில், சில நிமிடத் தாமதத்தோடு ஓடியது. கேபிள் தொலைக்காட்சியில் அந்த இரவுகளின் அரசன் அதுதான். 2019 மார்ச் 28 அன்று டெக்சஸில், எதிரே வந்த வண்டிக்கு முகப்பு விளக்கைத் தாழ்த்தவில்லை என்று 40 வயதுக் கறுப்பினத்தவர் ஒருவரின் காரை வில்லியம்சன் கவுண்டி அதிகாரிகள் துரத்தினார்கள். 22 நிமிடம் துரத்தல். கடைசியில் அவர் கையை உயர்த்தி இறங்கினார். தனக்கு இதய நோய் இருக்கிறது, மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லச் சொல்ல, மின்னதிர்ச்சிக் கருவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அவர் இறந்தார். அந்தக் காட்சியை 'லைவ் பிடி' குழு படம் பிடித்திருந்தது. அது ஒளிபரப்பாகவில்லை. பதினைந்து மாதம் கழித்து உள்ளூர்ப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் செய்தியை வெளிக்கொண்டு வந்தபோது, நிறுவனத்திடம் அந்தப் படம் இல்லை. ஒளிபரப்பாத காட்சிகளை அதிக நாள் வைத்திருப்பதில்லை என்பது அவர்கள் வழக்கமாம், அழித்துவிட்டார்கள்.

போலீஸோடு கேமரா போனால் தவறு நடக்கும்போது சாட்சி இருக்குமே என்று இந்த நிகழ்ச்சிகளுக்கு ஆதரவாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நானும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். சாட்சி தேவைப்பட்ட இரவில் அந்தச் சாட்சி அழிக்கப்பட்டது. தெரிந்ததெல்லாம் போலீஸாரின் சட்டையில் இருந்த கேமராக்கள் பதிவு செய்தவற்றிலிருந்துதான்.

ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு நாடே கொந்தளித்த 2020 ஜூனில், அடுத்தடுத்த நாட்களில் 'காப்ஸ்' தொடரும் 'லைவ் பிடி' நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டன. டெக்சஸ் சட்டமன்றம் 2021-ல், அங்கே 22 நிமிடத் துரத்தலுக்குப் பின் இறந்த அந்த ஓட்டுநரின் பெயரிலேயே, காவல்துறைகள் ரியாலிட்டி நிகழ்ச்சிகளோடு ஒப்பந்தம் போடுவதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அவரைக் கைதுசெய்த அதிகாரிகள் இருவரையும் 2024-ல் ஜூரி விடுவித்தது. 'காப்ஸ்' 2021-லேயே ஒரு கட்டணத் தளத்தில் திரும்பி வந்துவிட்டது. 'லைவ் பிடி' 2022 ஜூலையில் வேறு பெயரில், வேறு சேனலில், ஏறக்குறைய அதே முகங்களோடு வந்தது.

அம்மாவின் கைக்கு வந்தது இவை இரண்டும் அல்ல. அமெரிக்காவில் போலீஸ் கேமராப் பதிவுகள் பல மாநிலங்களில் பொது ஆவணம். யாரும் விண்ணப்பித்து வாங்கலாம். அப்படி வாங்கி, வெட்டி ஒட்டி, பரபரப்பான தலைப்பு வைத்து யூடியூபில் ஏற்றுவது இப்போது ஒரு தனித் தொழில். தொலைக்காட்சிக் குழுகூட இல்லை. போலீஸ்காரரின் நெஞ்சிலேயே கேமரா. அதில் அவருடைய முகமே தெரியாது. அவர் என்ன செய்கிறார் என்பதைவிட அவர் எதைப் பார்க்கிறார் என்பதுதான் தெரியும். ஒரே சம்பவத்தை நெஞ்சுக் கேமராவிலும் வண்டிக் கேமராவிலும் காட்டிய ஒரு சோதனை 2019-ல் வெளியானது. நெஞ்சுக் கேமராவில் பார்த்தவர்கள், அந்த அதிகாரி வேண்டுமென்று செய்தார் என்று கருதுவது குறைவாக இருந்தது. லாசிடர் சொன்னதன் மறுபக்கம்.

"கண்டுபிடிக்கலாம்மா," என்று நான் அன்றைக்குச் சொன்னேன். அங்கே பல கவுண்டிகளில் நீதிமன்றப் பதிவுகள் இணையத்திலேயே இருக்கும், பெயரைப் போட்டால் வழக்கு என்ன ஆனது என்று வந்துவிடும். அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். காணொளியை முதலிலிருந்து ஓட்டினேன். அதிகாரி ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் படிக்கும் இடத்தில் ஒலியை அடைத்திருந்தார்கள். ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை. கீழே ஆயிரக்கணக்கான கருத்துகளில் அவனுக்கு விதவிதமான பட்டப்பெயர்கள் இருந்தன. முகம் மட்டும் மங்கலாக்கப்படாமல் தெளிவாகத் தெரிந்தது. பத்தொன்பது, இருபது வயது இருக்கும்.